தென்பாண்டித் திருச்சபைகள் (வரலாற்றுத் தொடர்) – 14: இரண்டாவது முழுக்கு

சென்ற பகுதியை ரேனியஸ் ஐயரின் மரணத்தோடு நிறுத்தியிருந்தோம். 1835-ல் அவர் சர்ச் மிஷன் சங்கத்தை (சி.எம்.எஸ்.) விட்டுப் பிரிந்தபோது எழுந்த கேள்வி, தமிழ் உபதேசியாருக்குக் குருப்பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்பது. 1838 ஜூன் மாதம் அவர் பாளையங்கோட்டையில் கண்மூடிய பிறகு அவரோடு நின்றவர்களில் பெரும்பாலோர் பழைய சங்கத்துக்கே திரும்பிவிட்டார்கள். கேள்வி மட்டும் அடங்கவில்லை. அது வடக்கே நகர்ந்து மேற்கு மலையடிவாரத்தில் வேறு உருவெடுத்தது: ஞானஸ்நானம் யார் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கலாம், ஒரு முறை கொடுத்ததை மறுபடி கொடுக்கலாமா? வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சேத்தூர், தளவாய்புரம் என்று நீளும் இந்தப் பகுதியில் மட்டுமல்ல, தென்மாவட்டங்கள் முழுவதிலுமே கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள் இந்தக் கேள்வி இன்றும் ஆறாமல் கிடக்கிறது. கைக்குழந்தையாகக் கோயிலில் குருவானவர் கையால் நெற்றியில் தண்ணீர் பெற்ற மகன், முப்பது வயதில் பெந்தெகொஸ்தே பாஸ்டரோடு கண்மாய்க்கோ கிணற்றுக்கோ போய் முழுகி எழுகிறான். தகப்பன் அதைத் தன் முகத்தில் அடித்ததாக எடுத்துக்கொள்கிறார். மகன் அதை வேதத்துக்குக் கீழ்ப்படிதல் என்கிறான். ஒருவர் வாயில் மற்றவருடையது 'தெளிப்பு'. மற்றவர் வாயில் இவருடையது 'மறுமுழுக்கு'. தண்ணீரின் அளவையும் வயதையும் பற்றிய வழக்கு போல இது தோன்றும். ஆனால் நம் பகுதியின் முந்நூறு, நானூறு ஆண்டுச் சான்றுகளை எடுத்துப் பார்த்தால் வேர் வேறிடத்தில் இருப்பது தெரிகிறது. இங்கே முதல் ஞானஸ்நானம் ஊராகவும் குடும்பமாகவும் கொடுக்கப்பட்டது. அதை ஒவ்வொருவரும் தன் வாயால் ஏற்றுச் சொல்லும் இடத்தைச் சபை நெடுங்காலம் சரியாக ஏற்படுத்தவில்லை. முதல் ஞானஸ்நானம் செல்லாது என்பதற்கு வரலாற்றில் வலுவான ஆதாரம் இல்லை. அதைக் கொடுத்தவர்கள் பாதி வேலையில் விட்டுவிட்டார்கள் என்பதற்கு ஆதாரம் நிறைய உண்டு.

இதற்கு முதல் சாட்சி வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள கிறிஸ்டியான்பேட்டை. அதை உருவாக்கிய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் 1810-ல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். 1833-ல் இந்தியாவுக்கு வந்த ஆண்டனி நோரிஸ் குரோவ்ஸ் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தார். எக்ஸிட்டர் நகரத்தில் நல்ல வருமானமுள்ள பல் மருத்துவராக இருந்து, அதைத் துறந்து பாக்தாத்துக்குப் போய், அங்கே கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்து, பின் இந்தியா வந்த மனிதர் அவர். ரேனியசின் வழக்கில் ரேனியசுக்குத் துணைநின்றார். 'சகோதரர்' என்று அறியப்பட்ட கூட்டத்தின் முன்னோடிகளில் ஒருவர். திருவிருந்து நடத்தக் குருப்பட்டம் வேண்டியதில்லை என்ற முடிவுக்கு வந்தவர். குரோவ்ஸும் வளர்ந்த பிறகு முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்தான். அப்படியானால் நீர் பாப்டிஸ்டு சபைக்காரர் ஆகிவிட்டீரா என்று கேட்டபோது, ஒரு கட்சியில் சேர்ந்து மற்ற விசுவாசிகளிடமிருந்து தம்மைத் துண்டித்துக்கொள்ளத் தமக்கு விருப்பமில்லை என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். இந்தப் பதிலை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வழக்கில் பின்னால் வந்த பலருக்கு இல்லாத பெருந்தன்மை அதில் இருக்கிறது. அருளப்பன் இந்த மனிதரோடு பல இடங்களுக்குப் பயணம் செய்தார். ஆனால் யாருக்கும் சம்பளக்காரராக இருக்க அவர் விரும்பவில்லை. 1840-களின் தொடக்கத்தில் மலையடிவாரத்தில் கிறிஸ்டியான்பேட்டையை அமைத்து, வெளிநாட்டுச் சங்கம் எதன் கீழும் இல்லாமல் ஊர் ஊராகப் போய்ப் போதித்தார்.

அதே வட்டாரத்தில் சி.எம்.எஸ். 1854-ல் வேறொரு முயற்சியைத் தொடங்கியது. கேம்பிரிட்ஜில் படித்து அங்கேயே கல்லூரி உறுப்பினராக இருந்த ராக்லாந்து ஐயர், ஃபென், மெடோஸ் என்ற இருவரோடு சிவகாசியை மையமாகக் கொண்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போகும் ஊழியத்தை வடதிருநெல்வேலியில் நடத்தினார். தெற்கே நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் ஊர்கள் திரளாகச் சபையில் சேர்ந்ததுபோல இங்கே சேரவில்லை. ராக்லாந்து 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார். கண்ணுக்குத் தெரிந்த பலன் குறைவு. அவர் போய் ஒன்றரை ஆண்டுக்குள், 1860 மார்ச்சில், கிறிஸ்டியான்பேட்டையில் எழுப்புதல் வெடித்தது. அமெரிக்காவிலும் அயர்லாந்தின் வடபகுதியிலும் அதற்கு முந்திய சில ஆண்டுகளில் நடந்த எழுப்புதல்களின் செய்தி அருளப்பனுக்கு எட்டியிருந்தது. ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் உடல் நடுங்கி விழுந்தார்கள்; மார்பில் அடித்துக்கொண்டு, செய்த பாவங்களைச் சபை நடுவே வாய்விட்டுச் சொல்லி அழுதார்கள்; சிலர் தரிசனம் கண்டதாகச் சொன்னார்கள்; சிலர் அறியாத பாஷையில் பேசினார்கள். உலகப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாக எல்லோரும் எடுத்துச் சொல்லும் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசாத் தெருக் கூட்டங்கள் 1906-ல்தான் நடந்தன. அதற்கு 46 ஆண்டு முந்தியது இது. எழுப்புதல் அருளப்பனின் சபைகளோடு நிற்காமல் சி.எம்.எஸ். சபைகளுக்கும் பரவியது. மிஷனரிமாரில் சிலர் எச்சரிக்கையோடு வரவேற்றார்கள், சிலர் முகம் சுளித்தார்கள்.

நம் வழக்குக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 1860-ன் எழுப்புதல் பற்றிய அறிக்கைகளில் முன்னே நிற்பது பாவ அறிக்கை, அழுகை, சாட்சி, ஊர் ஊராகப் போய்ச் சொல்லும் துடிப்பு. நடுங்கி விழுந்தவர்களில் பெரும்பகுதியினர் ஏற்கனவே கிறிஸ்தவப் பெயர் தாங்கியவர்கள். சி.எம்.எஸ். சபையைச் சேர்ந்தவர் எழுந்து தன் சபைக்கே திரும்பிப் போனபோது, அவருடைய பழைய ஞானஸ்நானத்தைச் சபை கேள்வி கேட்கவில்லை. உள்ளம் உடைந்து வாழ்க்கை மாறியதற்கு இரண்டாவது தண்ணீர் நிபந்தனையாக இருக்கவில்லை. அதே சமயம் இந்த எழுப்புதல் சபைகளைப் பார்த்து ஒரு கடுமையான கேள்வியையும் கேட்டது: இத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தீர்களே, இவர்கள் ஒருவரும் இதுவரை தன் வாயால் தன் பாவத்தையும் தன் விசுவாசத்தையும் சொல்ல ஒரு நாளாவது கொடுத்தீர்களா?

கொடுக்கவில்லை என்பதே நேர்மையான பதில். ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு அறுபது ஆண்டு பின்னால் போகவேண்டும். 1802-ல் கெரிக்கே ஐயர் திருநெல்வேலிச் சீமையைச் சுற்றி வந்தார். அவரும் சத்தியநாதன் ஐயரும் சில மாதங்களில் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். முதலூரை மையமாக வைத்து டேவிட் சுந்தரானந்தம் தொடங்கிய இயக்கம் அது. ஊர்கள் மொத்தமாக முடிவெடுத்து வந்தன. அடுத்த ஆண்டே கெரிக்கே இறந்தார். நிலையான மேய்ப்பர் இல்லாத ஆண்டுகள் தொடர்ந்தன. 1816-ல் ஹஃப் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து கணக்கெடுத்தபோது சுமார் 3,000 பேர்தான் கிறிஸ்தவராக எஞ்சியிருந்தார்கள். ஆங்கிலிக்கன் முறையில் கைக்குழந்தையின் சார்பில் ஞானப்பெற்றோர் வாக்குக் கொடுப்பார்கள். பிள்ளை வளர்ந்து விவரம் அறிந்ததும் அத்தியட்சர் முன் நின்று அந்த வாக்கைத் தன்னுடையதாக்கிச் சொல்லவேண்டும். அதுதான் திடப்படுத்தல். குழந்தை ஞானஸ்நானத்தின் மறுபாதி அது. ஆனால் அத்தியட்சர் எங்கே இருந்தார்? 1814 முதல் 1835 வரை கல்கத்தாவில். 1826-ல் ஹீபர் அத்தியட்சர் தெற்கே வந்து தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் தமிழ்க் கிறிஸ்தவர்களைத் திடப்படுத்தினார்; திருச்சிராப்பள்ளியில் அந்த ஆராதனை முடிந்த காலையிலேயே குளிக்கப் போன இடத்தில் இறந்துபோனார். 1835-ல் சென்னைக்கு ஓர் அத்தியட்சர் கிடைத்தார். திருநெல்வேலிக்கென்று கால்டுவெல்லும் சார்ஜெண்டும் துணை அத்தியட்சர்களானது 1877-ல். தனித் திருமண்டலம் அமைந்தது 1896-ல். முதலூர் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் மூன்று தலைமுறைக்கும் மேல் ஆகிவிடுகிறது! ஒவ்வொரு கிராமத்தானும் தன் வாயால் 'நான் ஏற்கிறேன்' என்று சொல்லவேண்டிய இடம், தூரத்து அத்தியட்சரின் எப்போதாவது ஒரு வருகையை நம்பி நின்றது. அந்த வெற்றிடத்தில்தான் பிற்காலத்தில் இரண்டாவது முழுக்கு வந்து அமர்ந்தது.

கூட்டமாக, அரசியல் ஆதாயத்துக்காகப் பெற்ற ஞானஸ்நானம் அடிப்படையிலேயே பொய், அதில் திடப்படுத்த என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். வலுவான கேள்விதான். நம் கடற்கரையே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1536, 1537-ல் திரளாக ஞானஸ்நானம் பெற்றது போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடித்தான். இதை யாரும் மறுப்பதில்லை. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்து பார்த்தபோது பெரும்பாலோருக்கு ஜெபம் ஒன்றும் தெரியாது. அவர் தமிழில் ஜெபங்களை மொழிபெயர்க்கச் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, அவர்கள் வாயில் மனப்பாடமாக ஏற்றினார். தாம் கொடுத்த ஞானஸ்நானங்களால் கை சோர்ந்துபோனதாக அவர் எழுதிய கடிதம் பிரசித்தம். அந்தக் கையைவிட அந்த மணிதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்குப் பின் வந்த அன்றீக்கே அன்றீக்கஸ் தமிழைக் கசடறக் கற்று 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். பாவ அறிக்கைக்கான கையேட்டையும் 1586-ல் 'அடியார் வரலாறு' நூலையும் அச்சேற்றினார். தமிழில் முதலில் அச்சான புத்தகங்களே ஞானஸ்நானம் பெற்றுவிட்ட ஒரு சமூகத்துக்கு அதன் பொருளைச் சொல்லிக்கொடுக்க எழுந்தவை. 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். பாதுகாப்புத் தந்த போர்ச்சுக்கீசியர் போய்விட்டார்கள். ஆதாயம் இனி புராட்டஸ்டண்டு பக்கம். பரதவர் அசையவில்லை. ஆதாயத்துக்காகச் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆதாயத்துக்கு எதிராக நின்றார்கள்.

அதே 1658-ல் அதே டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அங்கே திருமணம் செல்லுபடியாகவும், சொத்துரிமைக்கும், உத்தியோகத்துக்கும் ஞானஸ்நானப் பதிவு தேவையாயிற்று. தோம்பு எனப்பட்ட பதிவேடுகளில் பெயர்கள் பெருகின. 1796 வாக்கில் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனபோது பெயர்களும் போய்விட்டன; பெரும்பாலானோர் எதுவும் நடக்காததுபோலத் தம் கோவில்களுக்குத் திரும்பினார்கள். இரண்டு இடத்திலும் ஞானஸ்நானம் திரளாகத்தான் நடந்தது, ஆதாயம் கலந்துதான் நடந்தது. ஒன்று வேர்விட்டது, ஒன்று உதிர்ந்தது. பரதவருக்குச் சாதிக்கட்டும் பனிமய மாதா திருவிழாவும் துணையாக இருந்தன என்பது உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்திலும் சாதிக்கட்டுக்குக் குறைவில்லையே. வேறுபாடு தண்ணீருக்குப் பின் நடந்த போதனையில்தான் இருந்தது என்று நான் முடிவு கட்டுகிறேன்.

சடங்கு நிறைவாக இல்லையென்றால் ஞானஸ்நானம் நிற்குமா என்ற கேள்வியும் நம் பக்கத்தில் ஒரு முறை கடுமையாகச் சோதிக்கப்பட்டது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி மதுரை மிஷனின் முக்கியமான ஊர்களில் ஒன்று. வீரமாமுனிவர் இருந்த இடம். ரோமை முறைப்படி ஞானஸ்நானத்தின்போது குருவானவர் தம் எச்சிலை விரலில் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைக்கவேண்டும். முகத்தில் ஊதவும் வேண்டும். எச்சில் பட்ட பாத்திரத்தைக்கூடத் தனியே வைக்கும் தமிழ் வீட்டில் இது எப்படி இருந்திருக்கும்! சேசுசபைக் குருமார் இந்த இரண்டையும் விட்டுவிட்டார்கள். 1703-ல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்நோன் 1704-ல் இதைக் கண்டித்து, விடக்கூடாது என்று ஆணையிட்டார். வழக்கு ரோமாபுரிவரை போய், 40 ஆண்டு இழுத்து, 1744-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பரின் ஆணையோடு முடிந்தது. நாற்பது ஆண்டு மல்லுக்கட்டிலும் எச்சில் படாமல் ஞானஸ்நானம் பெற்றவர்களுடையது செல்லாது என்ற பேச்சு எழவில்லை. தண்ணீரும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரும் இருந்தன. அதுவே போதுமென்று கண்டிப்பான தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தது.

இந்த நிலைப்பாடு திடீரென்று வந்ததும் இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் அத்தியட்சர் சிப்ரியான், பிரிந்துபோன கூட்டத்தார் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, சபைக்குத் திரும்புகிறவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றார். 256-ல் கூடிய ஆப்பிரிக்க அத்தியட்சர்களும் அவரோடு நின்றார்கள். ரோமாபுரி அத்தியட்சர் ஸ்தேவான் எதிர்த்தார். சிப்ரியான் இரத்தசாட்சியாக மரித்தவர், எளிதில் ஒதுக்கிவிடத்தக்கவர் அல்ல. அடுத்த நூற்றாண்டில் தொனாத்தியர் என்ற பிரிவினர் அவருடைய வாதத்தையே கையில் எடுத்துக்கொண்டு, உபத்திரவத்தில் தளர்ந்த அத்தியட்சர்களின் கை பட்ட ஞானஸ்நானமெல்லாம் தீட்டு என்றார்கள். 314-ல் ஆர்ல் சங்கம் மறுஞானஸ்நானத்தைத் தடுத்தது. அகுஸ்தீன் அதற்குக் காரணம் சொன்னார்: கொடுக்கும் கை யாருடையதாக இருந்தாலும் ஞானஸ்நானம் கிறிஸ்துவினுடையது. படையை விட்டு ஓடிப்போன சிப்பாய் திரும்பி வந்தால் அவன் உடலில் குத்திய முத்திரையை மறுபடி குத்துவதில்லை என்பது அவர் காட்டிய உதாரணம். திரிதெந்தின் சங்கம் 1547-ல் இதையே உறுதிசெய்தது. லுத்தரும் கால்வினும் ரோமாபுரியோடு எத்தனையோ விஷயத்தில் முட்டிக்கொண்டாலும் தங்கள் ரோமை ஞானஸ்நானத்தைக் கழற்றிப்போடவில்லை. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனுக்கு வந்த கத்தோலிக்கருக்கும் இதே விதிதான். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரும் ஒருவரை ஒருவர் விளாசி எழுதினார்களே, அந்தப் பகைக்கு நடுவிலும் ஒருவர் தண்ணீரை மற்றவர் ஒப்புக்கொண்டார்கள். இன்று ஒரே தெருவில் இருக்கும் இரண்டு சபைகள் அந்த அளவு தாராளத்தைக்கூடக் காட்டுவதில்லை.

மறுபக்கத்தின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லவேண்டும். 'மறுபடி' என்ற பேச்சையே அவர்கள் ஏற்பதில்லை. குழந்தைக்குச் செய்தது ஞானஸ்நானமே அல்ல, ஆகவே இதுதான் முதலாவது என்கிறார்கள். 1525 ஜனவரியில் சூரிக் நகரத்தில் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்ட சிலர் இதற்காக உயிர்விட்டார்கள். அவர்களில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரை 1527-ல் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள், அதுவும் புராட்டஸ்டண்டு நகரசபை. இந்திய மண்ணிலும் இந்த மனச்சாட்சிக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. அமெரிக்கக் கொங்கிரிகேஷனல் சங்கம் அனுப்பிய அதோனிராம் ஜட்சன் கப்பலில் வரும்போதே வேதத்தை ஆராய்ந்து மனம் மாறி, 1812 செப்டம்பரில் கல்கத்தாவில் மனைவியோடு முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். தம்மை அனுப்பிய சங்கத்தின் ஆதரவை அந்நிய மண்ணில் நின்றுகொண்டே இழந்தார். இப்படிப்பட்டவரைச் சபைமாறி என்று ஏசுவது நன்றியற்ற செயல். அப்போஸ்தலர் நடபடிகளின் 19-ஆம் அதிகாரமும் அவர்கள் பக்கம் பேசுவதாகத் தோன்றும்: எபேசுவில் ஏற்கனவே ஞானஸ்நானம் பெற்ற பன்னிரண்டு பேருக்குப் பவுல் மறுபடி கொடுக்கிறார்.

ஆனால் அந்தப் பன்னிரண்டு பேர் பெற்றிருந்தது யோவானின் ஞானஸ்நானம். இயேசுவின் பெயரால் பெற்றதல்ல. கிறிஸ்துவின் பெயரால் பெற்ற பிறகு வழுவியவருக்கு அப்போஸ்தலர் என்ன செய்தார்கள் என்பதற்கு அதே நூலின் 8-ஆம் அதிகாரத்தில் நேரான உதாரணம் இருக்கிறது. மந்திரவாதி சீமோன் பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெற்றான். சில நாளிலேயே பரிசுத்த ஆவியின் வரத்தைப் பணத்துக்கு வாங்கப் பார்த்தான். அவன் இருதயம் நேராக இல்லை என்று பேதுரு முகத்துக்கு நேரே சொல்கிறார். வளர்ந்த மனிதன், தன் வாயால் விசுவாசத்தைச் சொன்னவன், ஆனாலும் உள்ளே ஒன்றும் இல்லை. பேதுரு அவனைத் தண்ணீருக்கு அனுப்பவில்லை. மனந்திரும்பி ஜெபிக்கச் சொன்னார். விசுவாசம் முழுமையாக இருந்தால்தான் ஞானஸ்நானம் செல்லும் என்றால், இருபது வயதில் முழுகி, முப்பதில் வழுவி, நாற்பதில் திரும்பி வருகிறவருக்கு எத்தனை முழுக்கு? முதல் முழுக்கின்போது தனக்கு உண்மையான இரட்சிப்பின் நிச்சயம் இருந்ததா என்று அவர் பின்னால் சந்தேகித்தால் அந்தச் சந்தேகத்துக்கு முடிவு எது? தன் உணர்வை அளவுகோலாக வைத்தவருக்கு எந்தத் தண்ணீரும் கடைசித் தண்ணீர் ஆவதில்லை. குழந்தை ஞானஸ்நானத்தை வேதத்தில் நேரடியாகக் காட்ட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டார் அனைவரும் பெற்றார்கள் என்ற இடங்களை வைத்து ஊகிக்கத்தான் முடியும். விசுவாசித்த பின் கொடுப்பதே சிறந்த முறை என்று ஒரு சபை வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. மற்ற சபையில் அதே பெயரால் கொடுத்ததை ஒன்றுமில்லை என்பதற்கு மட்டும் அது போதாது. தண்ணீரின் அளவுக்கும் அப்படித்தான். சபையின் மிகப் பழைய ஒழுங்கு நூல்களில் ஒன்றான திதகே ஓடும் நீரை விரும்புகிறது. கிடைக்காவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்கிறது. ஐப்பசி மழையில் நிரம்பிச் சித்திரையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய்களைக் கண்ட நம் பகுதிக்காரருக்கு இந்தச் சலுகையின் அருமை புரியும்.

குழந்தை ஞானஸ்நானத்தை உலகம் ஒன்றுமில்லாததாகக் கருதியதும் இல்லை. மதம் மாறியவர் சொத்துரிமை இழப்பதைத் தடுக்க 1850-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகிவிட்ட தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. 2024-ல் புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஒருவரைக் கிறிஸ்தவர் என்று முடிவு செய்தபோது, அவர் குழந்தையாகப் பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவும் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1950-ன் ஆணை நியாயமா என்பது வேறு விஷயம். அது அநியாயம் என்பதே என் எண்ணம். ஆனால் பாட்டனும் பூட்டனும் சாதியிலும் சொத்திலும் இழந்து பெற்றதைப் பேரன் 'வெறும் தெளிப்பு' என்று சொல்லும்போது, அவன் எதைத் தள்ளுகிறான் என்று அவனுக்கு யாராவது சொல்லியிருக்கவேண்டும்.

சொல்லவேண்டிய சபைகள் என்ன செய்தன? 1920-களில் கொழும்பில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தமிழ்நாட்டுக்கு வந்தது. பிறகு வேறு பல பெந்தெகொஸ்தே சபைகளும் பெருகின. அவர்கள் வந்து ஆள் பிடித்தார்கள் என்று குற்றம் சாட்டுவது சுலபம். அவர்கள் கொடுத்தது எது என்று பார்க்கவேண்டும்: முன்னே வந்து நின்று சாட்சி சொல்லும் நேரம், உன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் பாஸ்டர், உன் முடிவுக்கு உடலால் செய்யும் ஓர் அடையாளம். பழைய சபையில் திடப்படுத்தல் வகுப்பு, ஏதோ பள்ளிப் பரீட்சைபோலச் சில வாரம் கேள்வி-பதிலை மனப்பாடம் செய்து, வெள்ளை உடை உடுத்தி, படம் எடுத்துக்கொள்ளும் நாளாகச் சுருங்கிப்போன இடங்கள் உண்டு. அந்தக் குறையைச் சரிசெய்வதற்குப் பதில் பல சபைகள் தண்டனையை எடுத்தன. மறுமுழுக்கு எடுத்தவருக்குத் திருவிருந்து மறுப்பது, பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது, செத்தால் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி நிலம் கொடுக்கத் தகராறு செய்வது என்பவையெல்லாம் தென்மாவட்டங்களில் நடந்திருக்கின்றன. ஞானஸ்நானம் ஒரு முறைதான், அது அழியாத முத்திரை என்று போதிக்கும் சபை, அந்த முத்திரை பெற்றவனின் பிணத்தை வாசலில் நிறுத்தினால் தன் போதனையைத் தானே மறுக்கிறது. முத்திரை அழியாதது என்றால் அவன் இரண்டாவது முழுக்கு எடுத்ததாலும் அழிந்திருக்க முடியாது!

வேறு வழி இருந்ததா? இருந்தது. 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகள் இல்லை. எனவே இந்தக் கேள்வியைத் தீர்க்கவேண்டிய நெருக்கடி அப்போது வரவில்லை. 1970 நவம்பரில் நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்டுகளும் 'சர்ச் ஆஃப் த பிரெத்ரன்' சபையாரும் சேர்ந்தார்கள். குழந்தை ஞானஸ்நானமும் விசுவாசியின் ஞானஸ்நானமும் ஒரே சபைக்குள் இரண்டு வழிகளாக ஏற்கப்பட்டன. ஒன்றைப் பெற்றவர் மற்றதைக் கேட்கும் மனச்சாட்சிச் சிக்கலைத் தண்டனையாக அல்லாமல் மேய்ப்பரும் அத்தியட்சரும் கவனிக்கவேண்டிய விஷயமாக வைத்தார்கள். 1982-ல் பெரு நாட்டின் லீமா நகரத்தில் பல சபைகளின் இறையியலர் சேர்ந்து ஏற்ற அறிக்கை ஞானஸ்நானம் திரும்பச் செய்யத்தக்கதல்ல என்று சொன்னதோடு, குழந்தைகளுக்குக் கொடுக்கும் சபைகள் கண்மூடித்தனமாகக் கொடுப்பதையும் எச்சரித்தது. இந்த இரண்டாவது எச்சரிக்கையை நம் சபைகளின் மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை. தண்ணீரைத் திரும்பக் கொடுக்காமல் வாக்கைத் திரும்பக் கொடுக்க வழிகளும் ஏற்கனவே கையில் இருக்கின்றன. பாஸ்கா இரவில் கத்தோலிக்கர் அனைவரும் கையில் மெழுகுதிரியோடு நின்று தம் ஞானஸ்நான வாக்குகளைப் புதுப்பிக்கிறார்கள். மெதடிஸ்டுகளிடமிருந்து வந்த உடன்படிக்கை ஆராதனை தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டு நூலிலேயே இருக்கிறது. முப்பது வயதில் மனம் திரும்பியவன் கண்மாய்க்குப் போகுமுன் சபை நடுவே நின்று பேச அங்கே அவனுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கலாம். 1860-ல் கிறிஸ்டியான்பேட்டையில் பெயரில்லாத உழவுக்கூலிகளுக்கும் பெண்களுக்கும் கிடைத்த இடம் அது.

அருளப்பன் 1867-ல் மறைந்தார். அவர் மூட்டிய தீ மலையைத் தாண்டித் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே பிராமணக் குடும்பத்திலிருந்து சி.எம்.எஸ். சபைக்கு வந்த ஜஸ்டஸ் ஜோசப் 1873 முதல் நடத்திய எழுப்புதலையும், 1881-ல் கிறிஸ்து வருவார் என்று நாள் குறித்துக் காத்திருந்தவர்களையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.